நம் வீட்டுக் கணக்கு யார் கையில்?

சென்ற இதழில் மாதாந்திர மளிகைச் செலவைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஒரு சகோதரி எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். "பெரிய கடைகளில் பில் போடும்போது செல் நம்பர் கேட்கிறார்களே, கொடுக்கலாமா, கூடாதா? கொடுக்கவில்லை என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள்" என்று. சின்னக் கேள்விதான். ஆனால் பதில் சொல்ல உட்கார்ந்தால் அது நம் சமையலறையில் ஆரம்பித்து எங்கெங்கோ போகிறது. அதனால் இந்த இதழில் முழுக்க அதையே எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

கணக்கு வைப்பது ஒன்றும் புதிதல்ல. நம் அம்மாக்கள் காலத்தில் அண்ணாச்சி கடையில் பற்று நோட்டு இருந்தது. யார் வீட்டில் எத்தனை பேர், எந்த வாரம் கையில் பணம் இருக்காது, எல்லாம் அண்ணாச்சிக்கு அத்துப்படி. ஒரு வீட்டிலிருந்து திடீரென்று உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கூடுதலாகக் கேட்டால், "என்ன, பாப்பா பெரிய மனுஷியாயிட்டாளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். யாரும் அவரிடம் போய்ச் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று சாமானை வைத்து அவரே ஊகித்துக்கொள்வார்.

இதே ஊகத்தை இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது. அமெரிக்காவில் டார்கெட் என்று ஒரு பெரிய கடைத்தொடர் இருக்கிறது. அங்கே நடந்ததை 2012-ல் சார்லஸ் டுஹிக் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் டைம்ஸில் விரிவாக எழுதினார். கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, வாங்குகிற சாமான்களை எல்லாம் அந்த எண்ணின் கீழ் சேர்த்துக்கொண்டே வருவார்களாம். வாசனையில்லாத லோஷன் நிறைய வாங்குகிறாளா, கால்சியம், மக்னீசியம், துத்தநாக மாத்திரைகள் வாங்குகிறாளா என்று சுமார் 25 சாமான்களைச் சேர்த்துப் பார்த்து, இந்தப் பெண் கர்ப்பமாக இருக்கலாம் என்று மதிப்பெண் போட்டார்கள். எந்த மாதம் பிரசவம் என்றுகூட ஏறக்குறையக் கணித்தார்கள்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. 'உனக்கு விசேஷம் என்று எங்களுக்குத் தெரியும்' என்பது போல விளம்பரம் அனுப்பினால் பெண்களுக்குப் பிடிக்காது என்று கடைக்காரர்களுக்குப் புரிந்தது. அதனால் குழந்தைக்கான டயபர் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே புல்வெட்டும் மிஷின் விளம்பரத்தையும் போட்டார்கள். பார்க்கிறவளுக்கு ஏதோ தற்செயலாக வந்தது போல இருக்கும்.

அண்ணாச்சிக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அண்ணாச்சிக்கு என்னென்ன தெரியும் என்பது நமக்குத் தெரியும். முகத்துக்கு நேராகக் கேட்டார், நாமும் பதில் சொன்னோம். வேண்டாத பேச்சு பேசினால் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவோம், அந்தப் பயம் அவருக்கு இருந்தது. இவர்களுக்குத் தெரியும் என்பதே நமக்குத் தெரியாது. அப்புறம் எப்படிக் கேட்பது, எப்படிக் கடையை மாற்றுவது?

இதை எங்கள் எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். "போடி, நான் என்ன மந்திரியா, சினிமா ஸ்டாரா? நான் எத்தனை கிலோ துவரம்பருப்பு வாங்குறேன்னு தெரிஞ்சுக்கிட்டு எவன் என்ன பண்ணப்போறான்?" என்றார். பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். துவரம்பருப்போடு போனால் பரவாயில்லை, அக்கா. போகவில்லையே!

நம் வீடுகளில் மாதவிலக்கு நாளை எப்படிக் குறித்து வைத்தோம்? மாத காலண்டரில் ஓர் ஓரத்தில் சின்னப் புள்ளி. பால் கணக்குக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்கும் நடுவே இருக்கும். வீட்டு ஆண்களுக்குக்கூட அது என்னவென்று தெரியாது. இப்போது காலேஜ் படிக்கும் பெண்கள் அதைச் செல்போனில் ஆப் வைத்துக் குறிக்கிறார்கள். என் மகளும் அப்படித்தான். வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை. வயிற்றுவலி, மனநிலை, தூக்கம் எல்லாம் குறித்து வைத்தால் டாக்டரிடம் சொல்லவும் உதவுகிறது.

இப்படிப்பட்ட ஆப்களில் உலகம் முழுவதும் பத்துக் கோடிக்கும் அதிகமான பேர் பயன்படுத்திய ஒன்று ஃப்ளோ. 'உங்கள் உடல்நல விவரங்களை ரகசியமாக வைத்திருப்போம்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் கணக்கெடுக்கும் பிரிவுகளுக்கு அந்த விவரங்கள் போக விட்டது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 2021-ல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஃப்ளோ தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இனிமேல் பெண்களின் சம்மதம் வாங்காமல் உடல்நல விவரங்களை வெளியே தரக்கூடாது என்று உத்தரவாயிற்று. பிறகு 2025 ஆகஸ்டில், இதே விஷயத்தில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அந்த மாநிலத்தின் அந்தரங்கச் சட்டத்தை மீறியது என்று கலிஃபோர்னியாவில் ஒரு ஜூரி முடிவு சொன்னது. மெட்டா அதை மறுக்கிறது.

யாராவது ஒருவர் உட்கார்ந்து வம்பு பேசுகிற மாதிரியா விவரம் வெளியே போகிறது? அப்படியில்லை. ஆப் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்வதில்லை. கடையில் விற்கிற தோசை மாவை வாங்கி ஊற்றுவது போல, பெரிய நிறுவனங்கள் இலவசமாகக் கொடுக்கும் தயார்ப் பகுதிகளை எடுத்து உள்ளே பொருத்திவிடுகிறார்கள். ஆப்பில் ஒரு பெண் எதையாவது தொட்டால், 'இன்னது செய்தாள்' என்று அந்தப் பகுதி ஒரு பெயர் வைத்து அனுப்பிவிடும். கர்ப்பம் எத்தனையாவது வாரம் என்று தேர்ந்தெடுத்தாலும் அதற்கும் ஒரு பெயர். கெட்ட எண்ணம் உள்ள ஆள் ஒருவரும் தேவையில்லை. ஓடு என்று விட்டால் தானாகவே ஓடும்.

"சரி, நான் எதிலும் எதையும் எழுதமாட்டேன், அப்போது பிரச்சினை இல்லையே?" என்று கேட்கலாம். அங்கேதான் இன்னொரு சிக்கல். நாம் கொடுப்பது நம்முடையது மட்டும் இல்லை.

ஃபேஸ்புக்கில் மக்களின் விவரங்களை கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற அரசியல் பிரசார நிறுவனம் எடுத்துக்கொண்டது 2018-ல் பெரிய ரகளையாயிற்று. உலகம் முழுவதும் 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. இந்தியாவின் கணக்கைக் கேளுங்கள். 'உங்கள் குணம் என்ன' என்பது போன்ற அந்தக் கேள்வி-பதில் ஆப்பை இங்கே போட்டுக்கொண்டவர்கள் 335 பேர். விவரம் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர்! அந்த 335 பேரின் நண்பர்கள், சொந்தக்காரர்கள். தாங்கள் ஒன்றையும் தொடாமலே மாட்டியவர்கள். ஒரு வீட்டில் ஒருத்தி கதவைத் திறந்து வைத்தால் காம்பவுண்டு முழுக்கத் திருடன் புகுந்த கதைதான்.

இல்லத்தரசிகளுக்கு இது ரொம்பப் பொருந்தும். மாமியாரின் சர்க்கரை மாத்திரையை யார் வாங்குகிறோம்? குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ், கணவரின் பிரஷர் மாத்திரை, நாத்தனார் மகளுக்கு வரன் பார்க்கப் பதிவு செய்வது, எல்லாம் பெரும்பாலும் நம் ஒரு நம்பரில்தான். தனித்தனியாகக் கிடக்கும் பில்களைக் கோத்து மாலையாக்குகிற நூல் அந்தப் பத்து இலக்கம். நாம் ஒரு நம்பரைச் சொன்னால் ஒரு குடும்பத்தையே சொன்னதாகிவிடுகிறது.

சேர்த்த விவரத்தை வைத்து என்ன செய்கிறார்கள்? ஆளை ரகம் பிரிக்கிறார்கள், முறத்தில் அரிசி புடைப்பது போல. 2013-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 58,000-க்கும் மேற்பட்டவர்கள், தங்கள் சம்மதத்தோடு, ஃபேஸ்புக்கில் எதற்கெல்லாம் 'லைக்' போட்டோம் என்பதைக் கொடுத்தார்கள். அதை மட்டும் வைத்தே ஒருவர் ஆணா பெண்ணா, எந்தக் கட்சிப் பக்கம், சிகரெட் பிடிப்பவரா என்றெல்லாம் ஓரளவு கணிக்க முடிந்தது. இதில் வேடிக்கை, சுருள் சுருளாக வறுத்த உருளைக்கிழங்குக்கு லைக் போட்டவர்கள் புத்திசாலிகள் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது! உருளைக்கிழங்கு வறுவலுக்கும் புத்திக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அந்தக் கூட்டத்தில் இரண்டும் சேர்ந்து வந்தன, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குக் காரணம் வேண்டாம், பொருத்தம் போதும். வறுவல் விஷயத்தில் சிரித்துவிட்டுப் போகலாம். இதே மாதிரிப் பொருத்தம் பார்த்துக் கடன் தரலாமா, வேலைக்குக் கூப்பிடலாமா என்று முடிவு செய்தால் சிரிப்பு வராது. 'ஏன் எனக்கு இல்லை?' என்று கேட்டால் பதில் சொல்ல எதிரே ஆள் இருக்காது.

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. இந்தப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் ஒரே பக்கத்தைத்தான் படிக்கிறோம். பிடிக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டில் போய், "பார்த்தீர்களா, இப்படி எழுதியிருக்கிறார்களே" என்று சண்டை போடலாம். செல்போனில் அப்படியில்லை. எனக்குக் கோலம், எதிர்வீட்டு அக்காவுக்கு பக்திச் சொற்பொழிவு, அவர் மகனுக்கு அரசியல் சண்டை. ரகம் பிரித்து, எது காட்டினால் கையை எடுக்கமாட்டோமோ அதையே காட்டுகிறது. ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று உலகத்தில் இருக்கிறோம். பேச்சுக்குப் பொதுவாக ஒரு விஷயம் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

நமக்குப் பாதுகாப்பு இல்லையா என்றால், இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் கே.எஸ்.புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி. 2023-ல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதற்காக விவரம் கேட்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், அந்த அறிவிப்பை நாம் தமிழில் கேட்டுப் பெறலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு அந்த விதிகள் 18 மாத அவகாசம் கொடுத்தன.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். பில் போட நம்பர் கட்டாயம் இல்லை. நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைக்காரர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடும்மா" என்று சிரித்த முகமாகச் சொல்லுங்கள். கவுண்டரில் நிற்கும் பெண்ணைக் கோபிக்காதீர்கள், அவள் சொன்னதைச் செய்கிறவள். புள்ளிகளும் தள்ளுபடியும் வேண்டும் என்றால் கொடுங்கள், தெரிந்தே கொடுங்கள். ஆனால் மருந்துக் கடையில் மட்டும் இரண்டு தடவை யோசியுங்கள்.

வீட்டில் இன்னும் சில செய்யலாம்:

● புது ஆப் போடும்போது அது என்ன கேட்கிறது என்று பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு நம் டெலிபோன் நம்பர்கள் எதற்கு? வேண்டாம் என்று அழுத்துங்கள்.

● ஆண்ட்ராய்டு செல்போனில் அமைப்புகளுக்குள் போனால் விளம்பர அடையாள எண்ணை அழிக்க வழி இருக்கிறது. பிள்ளைகளிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

● 'உங்கள் ராசிக்கு எந்த நிறம்', 'போன ஜென்மத்தில் நீங்கள் யார்' போன்ற விளையாட்டுகளுக்கு ஒரு கும்பிடு. அந்த 335 பேர் ஞாபகம் இருக்கட்டும்.

● உறவினர் குழுக்களில் குழந்தையின் ஸ்கூல் பெயர், பிறந்த தேதி, அடுத்தவர் மெடிக்கல் ரிப்போர்ட் போடாதீர்கள். அது அவர்களுடைய விஷயம்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் ஆப்பைத் தூக்கி எறியவில்லை. நானும் எறியச் சொல்லவில்லை. அந்த ஆப்பில் பெயரையும் மெயிலையும் கொடுத்திருந்ததை எடுத்துவிட்டு, கணக்கு செல்போனுக்குள்ளேயே இருக்கிற மாதிரி வேறொன்றைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "அம்மா, இதை என் ஃபிரண்ட்ஸ்கிட்டயும் சொல்றேன்" என்றாள். நீங்களும் உங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், சகோதரிகளே.