சோடியம் ஒன்றும் கர்ணன் அல்ல!

அயனி என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பு மாணவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு கதை வரும். சோடியத்தின் கடைசிக் கூட்டில் ஒரு எலக்ட்ரான் கூடுதலாம். குளோரினுக்கு ஒன்று குறைகிறதாம். இது மனமுவந்து கொடுக்கிறது, அது வாங்கிக்கொள்கிறது, இரண்டுக்கும் எட்டு எட்டாகி ஒரே மகிழ்ச்சி! கொடுத்தது நேர் அயனி, வாங்கியது எதிர் அயனி. பாடம் முடிந்தது, வீட்டுப்பாடம் எழுது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. உண்மைதான் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மோல் சோடியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். (ஆமாம், பிடுங்கத்தான் வேண்டும்!) குளோரின் அணுக்கள் அதை ஏற்கும்போது வெளிவருவது 349தான். இந்தக் கொடுக்கல் வாங்கலில் 147 நஷ்டம். ஈடுகட்டுவது எது? எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது வெளிவரும் சுமார் 787 கிலோஜூல். உப்பு உருவாகக் காரணம் தானம் அல்ல, அந்த அடுக்கு. அதில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். யார் யாருக்குக் கொடுத்தது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. கதை கேட்ட பிள்ளையோ 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்று ஜோடி ஜோடியாகப் படம் போடுகிறது. வேறென்ன செய்யும் பாவம்?

எட்டு என்ற வேதவாக்கும் இப்படித்தான். இரும்புச்சத்து மாத்திரையில் வரும் பெரஸ் சல்பேட்டில் இரும்புக்கு இரண்டு நேர்ச்சுமை, துருவில் மூன்று. வெளிக்கூட்டில் இருப்பது முறையே 14, 13 எலக்ட்ரான்கள். எட்டு எங்கே போயிற்று?

"சின்னப் பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா?" என்பார்கள். சொல்லலாமே! மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று போதும். உலக சுகாதார நிறுவனம் 2002ல் திருத்திய அளவுப்படி, ஒரு லிட்டர் கரைசலில் மில்லிமோல் கணக்கில் சோடியம் 75, பொட்டாசியம் 20, குளோரைடு 65, சிட்ரேட் 10. சிட்ரேட் பல அணுக்கள் சேர்ந்த அயனி, அதற்கு மூன்று எதிர்ச்சுமை. கூட்டிப் பாருங்கள். நேர் பக்கம் 95. எதிர் பக்கம் 65, அதோடு 30... அதுவும் 95! அயனியின் வகைகளும், சுமைகள் சமமாக வேண்டும் என்பதும் ஒரே பொட்டலத்தில் வந்துவிட்டன. அதில் குளுக்கோசும் இருக்கிறது. அது கரையும், ஆனால் அயனியாகாது. குளுக்கோசை மட்டும் சுத்தமான தண்ணீரில் கரைத்து 9 வோல்ட் பேட்டரியையும் ஒரு எல்.இ.டி.யையும் இணைத்தால் விளக்கு எரியாது. உப்புக் கரைசலில் எரியும். காய்ந்த உப்பில் எரியாது, ஏனென்றால் அங்கே அயனிகள் இருந்தும் நகர முடியாது.

பிளஸ் ஒன்னில் அறிவியல் எடுப்பவர்கள் பார்ன்-ஹேபர் சுழற்சி வரும்போதாவது பழைய கதையை மறக்கப் பாடுபடுவார்கள். வணிகவியல் பக்கம் போய்விட்ட பிள்ளைகளுக்கு, வள்ளல் சோடியம்தான் கடைசி வரைக்கும்.