முதலிடம் என்ன கடன் பத்திரமா?

2023 ஏப்ரல் 27, வியாழக்கிழமை காலை. கல்லூரி நூலகத்தின் மூலையில் உட்கார்ந்து கைப்பேசியில் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் அது முதல் நாள் இரவு, நமக்கோ வகுப்பு நேரம். என்.பி.ஏ. ரசிகர்களுக்கு இந்த அவஸ்தை புதிதல்ல.

என் அணி மில்வாக்கி பக்ஸ். அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் 58 வெற்றி. லீக்கிலேயே அதுதான் அதிகம். பிளே ஆஃப் முதல் சுற்றில் எதிரே வந்தது எட்டாம் இடத்து மயாமி ஹீட். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் இந்தச் சுற்றைப் பற்றிப் பேசவே இல்லை. இறுதிச் சுற்றில் யாரைச் சந்திப்போம் என்பதுதான் பேச்சு.

முதல் ஆட்டத்திலேயே யானிஸ் அன்டெடொகும்போ முதுகில் அடிபட்டு வெளியேறினார். அடுத்த இரண்டு ஆட்டங்களில் அவர் இல்லை. வேடிக்கை என்னவென்றால், பக்ஸ் வென்ற ஒரே ஆட்டம் அவர் இல்லாத இரண்டாவது ஆட்டம்தான். நான்காவதில் மயாமியின் ஜிம்மி பட்லர் 56 புள்ளிகள் எடுத்தார். ஐந்தாவதில், அதாவது நான் நூலகத்தில் பார்த்த அந்த ஆட்டத்தில், கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது பக்ஸ் 16 புள்ளிகள் முன்னணியில் இருந்தது. பட்லர் கடைசி நொடியில் பின்பக்கம் சாய்ந்தபடி பந்தைப் போட்டு ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். கூடுதல் நேரத்தில் 128-126 என்று மயாமி வென்றது. எங்கள் ஆள்கள் கடைசியில் பந்தைக் கையில் வைத்திருந்தும் கூடையை நோக்கி எறியாமலே நேரத்தை விட்டார்கள். மீதமிருந்த டைம் அவுட்டைப் பயிற்றுநர் கேட்கவும் இல்லை.

உடனே குழுவில் நான் எழுதிய வார்த்தை "துரோகிகள்". பயிற்றுநரைப் பற்றி எழுதியது அதைவிட மோசம்.

இப்போது யோசித்தால், யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள்? முதலிடம் என்பது 82 ஆட்டங்களின் கணக்கு. அதில் இன்று ஓர் அணி, நாளை மறுநாள் வேறோர் அணி. ஒருவரின் பலவீனத்தை உட்கார்ந்து ஆராய யாருக்கும் நேரமில்லை. பிளே ஆஃப் அப்படியல்ல. ஒரே எதிரணியுடன் ஏழு ஆட்டங்கள் வரை மோத வேண்டும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பயிற்றுநர் காணொளியைப் போட்டு உங்கள் ஓட்டையைத் தேடுவார். ஒரே ஒரு முதுகுவலி போதும், கணக்கு மாறிவிடும். 1994-இல் சியாட்டல், 2007-இல் 67 ஆட்டங்களை வென்ற டல்லாஸ், 2011-இல் சான் அன்டோனியோ என முதலிடத்து அணிகள் எட்டாம் இடத்து அணியிடம் இப்படிச் சாய்ந்திருக்கின்றன. அதே டல்லாஸ் 2011-இலும் சான் அன்டோனியோ 2014-இலும் வெற்றியாளர் ஆயின. 2007-இல் டல்லாஸைத் திட்டித் தீர்த்தவர்கள் 2011-இல் என்ன சொன்னார்களோ!

தோல்விக்குப் பின் ஒரு செய்தியாளர் யானிஸிடம், இந்தப் பருவம் தோல்வியா என்று கேட்டார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் வேலையில் ஆண்டுதோறும் பதவி உயர்வு கிடைக்கிறதா, மைக்கேல் ஜோர்டன் 15 ஆண்டுகள் ஆடி 6 முறை வென்றார், மற்ற 9 ஆண்டுகளும் தோல்வியா என்று திருப்பிக் கேட்டார். விளையாட்டில் தோல்வி என்பதே இல்லை என்றார். அந்தக் காணொளி உலகம் முழுக்கப் பரவியது. எங்கள் விரிவுரையாளர் ஒருவர்கூட அதை வகுப்பில் போட்டுக் காட்டினார்.

எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்த ஐந்தாவது ஆட்டத்தில் அவர் 38 புள்ளிகள் எடுத்தார், உண்மை. ஆனால் யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ 23-இல் 13-ஐத் தவறவிட்டார். ஆட்டம் போனதோ இரண்டு புள்ளியில். அதைத் தோல்வி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? எஸ்.பி.எம். தேர்வில் எதிர்பார்த்த 'ஏ' வராதபோது "தோல்வி என்று ஒன்றும் இல்லை" என்று யாராவது ஆறுதல் சொன்னால் எரிச்சல்தான் வரும். எந்தக் கேள்வியில் விட்டோம் என்பது நமக்கே தெரியும்.

ரசிகருக்கு விமர்சிக்கும் உரிமை உண்டு. அந்த டைம் அவுட் பற்றி நான் இன்றும் வாதாடுவேன். ஆனால் அவர்கள் எனக்கு எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. கோப்பை கிடைக்கும் என்று முடிவு செய்தது நான். 50 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு 2021-இல் அந்த ஊருக்குக் கோப்பை கொண்டுவந்ததே இந்தப் பயிற்றுநர் மைக் பூடன்ஹோல்சரும் இந்த யானிஸும்தான். இரண்டே ஆண்டுகளில் அது எனக்கு மறந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்துப் பூடன்ஹோல்சரை நீக்கினார்கள். குழுவில் கொண்டாட்டம். நான்காவது ஆட்டத்துக்கு முன்பே அவருடைய சகோதரர் கார் விபத்தில் இறந்திருந்தார் என்ற செய்தி அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்தத் துக்கத்தோடுதான் மனிதர் களத்தோரம் நின்றிருக்கிறார்.

புதிய பயிற்றுநர் 43 ஆட்டங்களில் 30-ஐ வென்றும் பாதிப் பருவத்திலேயே அனுப்பப்பட்டார். அதற்கடுத்து வந்தவரின் கீழும் 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் முதல் சுற்றிலேயே அணி வெளியேறியது. நான் இன்னும் பக்ஸ் ரசிகன்தான். அன்று எழுதிய செய்திகளில் பயிற்றுநரைப் பற்றியதை மட்டும் அழித்துவிடலாம் என்று பார்த்தேன், காலம் கடந்துவிட்டது. குழுவில் அது அப்படியே இருக்கிறது.