குடும்ப அட்டையிலிருந்து பூர்வீக ஊர் வரை

பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானல் வரையுள்ள மலைச்சரிவுகளில், பக்கத்தார் ‘சிலோன்காரர்’ என்று குறிப்பிடும் குடும்பங்கள் வாழ்கின்றன. அரசுக் காகிதங்களில் இவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் வாட்டில் மரப்பட்டை உரிக்கவும் மரம் வெட்டவும் இந்த மலைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பூட்டன் எந்த ஊர்க்காரர் என்று கேட்டு ஆவணக் காப்பாளர்களிடம் வருகிறார்கள். சாதிச் சான்றுக்காகக் கேட்பவரும் உண்டு. தெரிந்துகொள்ளவே கேட்பவரும் உண்டு. இரண்டுமே முழு உழைப்புக்குத் தகுதியான கேள்விகள்.

மொரிஷியசுக்கோ நட்டாலுக்கோ ஒப்பந்தக் கூலியாகப் போனவரைத் தேடுவது இதைவிட எளிது. ஆளுக்கு ஓர் எண், தந்தை பெயர், சாதி, ஊர், வந்த கப்பல் என்று காலனி அரசே பதிவேடு எழுதி வைத்தது. இலங்கைக்குப் போனவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. அவர்களைக் கூட்டிச் சென்றவர் கங்காணி. அவர் எழுதியது கடன் கணக்கு. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் ஏறின. அந்தப் பாக்கியைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. 1921இல் சட்டம் அதை ஒழிக்கும் வரை ஒரு மனிதரின் நடமாட்டத்துக்கு அந்தச் சீட்டே சாட்சி. 1900களின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கெட்டிலும் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும்தான் பொறிக்கப்பட்டன, பெயர் இல்லை.

ஆகவே பெயரை வைத்துத் தேடத் தொடங்குவது பெரும்பாலும் வீண். ஒரே பிரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) மூன்று ராமாயி, நான்கு செல்லையா நிற்பார்கள். எழுத்தர் மாறும்போதெல்லாம் எழுத்துக்கூட்டலும் மாறும். பிடித்துக்கொள்ள வேண்டியது தோட்டம், டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு), செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) எண் ஆகிய மூன்றும்தான். இவை கிடைத்தால் பெயர் பின்னால் வரும்.

தேடல் வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டும் தாயகம் திரும்பியோருக்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டையும் பெரும்பாலான வீடுகளில் பாலித்தீன் உறையில் இருக்கும். குடும்பத்தார் பெயர், வயது, உறவுமுறை, ஒதுக்கப்பட்ட மறுவாழ்வுத் திட்டம் ஆகியவற்றை அட்டை சொல்லும். திட்டம் வியாபாரக் கடன் என்று எழுதப்பட்ட குடும்பம் ஏன் மலையில் மரம் வெட்டியது என்பதற்கு அட்டையில் பதில் இராது. அதற்கு 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் உருவான கோப்புகளைப் பார்க்க வேண்டும். 1980களில் கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் தாயகம் திரும்பியோரும் இருந்தனர். 1985 செப்டம்பரில் திண்டுக்கல் மாவட்டம் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்ததால், அதற்கு முந்தைய கோப்புகளுக்கு மதுரையிலும் கேட்க வேண்டியிருக்கும்.

இலங்கைப் பக்கத்தில் மிகச் செழிப்பான ஆவணம் குடியுரிமை விண்ணப்பம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டம் விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை அவகாசம் தந்தது. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்தைய ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். இந்தக் கொடிய நிபந்தனைதான் தோட்டம் தோட்டமாக வாழ்க்கையை எழுத வைத்தது: எந்த ஆண்டு எந்த லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை), எப்போது பற்றுச்சீட்டு (வேலையிலிருந்து விடுவிக்கும் சீட்டு) வாங்கி எங்கே பெயர் பதிந்தார், எந்தப் பிள்ளை எங்கே பிறந்தது. நிராகரிக்கப்பட்ட கோப்புகளையும் தவறாமல் கேட்டுப் பெற வேண்டும்; ஊருக்குப் போய்வந்த ஒரு பயணமே நிராகரிப்புக்குக் காரணமாக இருந்திருந்தால், அந்த ஊரின் பெயர் அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

தோட்டத்தின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. குடும்பம் நினைவில் வைத்திருப்பது தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர். பதிவேட்டில் இருப்பது துரை வைத்த ஆங்கிலப் பெயர். இரண்டுக்கும் ஒலி ஒற்றுமை இல்லாமல் போகலாம். பழைய ஃபெர்குசன் இலங்கை விவரக்கொத்தில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களும் தரப்பட்டுள்ளன. அதைப் புரட்டாமல், அப்படி ஒரு தோட்டமே இல்லை என்று எழுதி அனுப்புவது கேட்டு வந்தவருக்குச் செய்யும் அநீதி.

கடைசிப் படி பூர்வீக ஊர். கிராமம், தாலுகா தெரிந்த பிறகும் நில ஆவணங்களில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். நிலம் இருந்திருந்தால் பலர் கடல் தாண்டியிருக்க மாட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கைகொடுக்காது. பிரிட்டன் தன் 1921ஆம் ஆண்டு வீட்டுப் படிவங்களை 2022இல் பொதுவில் திறந்தது. இந்தியாவில் தனிநபர் படிவம் பார்வைக்குக் கிடைப்பதில்லை. எஞ்சுவது கிராமத்தின் பிறப்பு, இறப்புப் பதிவேடு. பெயர் வைக்கும் முன்பே பிறப்பு பதிவானதால் குழந்தையின் பெயர்க் கட்டம் பல இடங்களில் வெறுமையாக இருக்கும். ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்பதோடு சரி. அங்கே தந்தை பெயரையும், குடியுரிமை விண்ணப்பத்தில் சொன்ன வயதிலிருந்து கணக்கிட்ட ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்து ஆண்டுகளையும் வைத்து வரிவரியாகப் பார்க்க வேண்டும்.