வேலியே பயிரை மேய்ந்தால்

காக்க வேண்டியவரே கெடுக்கும்போது, வேலியே பயிரை மேய்ந்தாற் போல என்கிறோம். மனித மூளைக்குள்ளும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டென்பதை அண்மைக்கால மருத்துவ ஆராய்ச்சி காட்டியுள்ளது. முதுமையில் வரும் மறதி நோயைப் பற்றி இத்திங்கள் சற்றுச் சிந்திப்போம்.

கொட்டாரத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் இல்லங்களைச் சந்திக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. "அம்மா சாப்பிட்டு முடித்ததும் சாப்பிடவில்லை என்கிறார்கள். சங்கிலியை எங்கோ வைத்துவிட்டு, மருமகள் எடுத்துக்கொண்டாள் என்று அயல்வீட்டில் சொல்லுகிறார்கள்." மருமகள் கண்ணீர் வடிக்கிறாள். மகன் தாயைக் கடிந்துகொள்கிறான். கிழவி வேண்டுமென்றே செய்கிறாள் என்பார் சிலர். வயதானால் இப்படித்தான் என்பார் சிலர். செய்வினை என்று அஞ்சி மந்திரவாதியைத் தேடுவாரும் உளர். இம்மூன்று தீர்ப்புகளும் தவறானவை. இது மூளையில் உண்டாகும் நோய்.

ஜெர்மனி நாட்டு மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் 1906-ஆம் ஆண்டில், பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் இறந்த ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்தார். அதில் படிவுகளையும், நரம்பணுக்களுக்குள் முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டார். அப்பெண்மணியிடம் முதலில் தோன்றிய குறிகளுள் ஒன்று, கணவர் மீது கொண்ட காரணமற்ற சந்தேகம். ஆகவே, இந்நோயை முதன்முதல் விவரித்த நாளிலேயே சந்தேகமும் அதன் அடையாளமாகக் காணப்பட்டது. மருமகள் மீது சுமத்தப்படும் பழி, மாமியாரின் உள்ளத்திலிருந்து வருவதன்று, நோயிலிருந்து வருவது.

இது எங்கோ ஓரிரு வீடுகளின் துன்பமும் அன்று. 60 வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியருள் ஏறக்குறைய 88 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல், மறதி நோய்க்கு ஆளாகியுள்ளனர் என்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடத்தும், நகரத்தாரைவிடச் சிற்றூராரிடத்தும் இது மிகுதி என்றும் அவ்வாய்வு கூறிற்று.

இனி, மேயும் வேலியைப் பார்ப்போம். காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சுடுகிறது. எவரும் கற்பியாமலே உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் இவ்வாற்றல் பிறப்பிலேயே நமக்கு அமைந்தது. இரத்தத்தில் உள்ள நிரப்புப் புரதங்கள் என்பவை இப்படையின் ஒரு பிரிவு. அவை கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, 'இதனை அழிக்க' என்று குறியிடுகின்றன. காவல் அணுக்கள் வந்து குறியிட்டதை விழுங்குகின்றன. மூளைக்கும் தனிக் காவல் அணுக்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரியோ ஒர்த்தேகா 1919-இல் அவற்றைத் தனியே பிரித்துக் காட்டி, மைக்ரோகிளியா என்று பெயரிட்டார்.

இக்காவலர் கிருமிகளை மட்டும் விழுங்குவதில்லை. குழந்தையின் மூளையில் நரம்பணுக்களுக்கிடையே தேவைக்கு மிஞ்சிய இணைப்புகள் உண்டாகின்றன. தாய்வாழை தழைக்கப் பக்கக் கன்றுகளை அரிந்து நீக்குவது நம் விவசாயிகள் அறிந்ததே. அதுபோல, வேண்டாத நரம்பிணைப்புகளைக் களைவதற்கும் நிரப்புப் புரதங்களே குறியிடுகின்றன என்று 2007-இல் பெத் ஸ்டீவன்ஸ் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் எலிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். வளர்ச்சி முடிந்தபின் அடங்கியிருக்க வேண்டிய அந்த அரிவாள், மறதி நோயின் தொடக்கத்திலேயே மீண்டும் ஓங்கப்படுகிறது என்று 2016-இல் அவருடைய குழுவினர் கண்டனர். இம்முறை அரியப்படுவது வேண்டாத கன்று அன்று. நினைவைத் தாங்கி நிற்கும் நல்ல இணைப்பு. சி-1-கியூ என்னும் நிரப்புப் புரதத்தைத் தடுத்தபோது, எலிகளின் மூளையில் அவ்விணைப்புகள் அழியாது நின்றன.

அப்படியாயின் காவலையே அடக்கிவிடலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வீக்கந்தணிக்கும் மாத்திரைகளை அளித்து ஆராய்ந்தனர். இதயத்துக்குத் தீங்கு நேருமோ என்னும் அச்சத்தால் 2004-இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன; அவை மறதியைத் தடுத்ததாகவும் காணப்படவில்லை. 2013-இல் வெளியான இரு ஆய்வுகளோ மறுபக்கத்தைக் காட்டின. காவல் அணுக்களின் மேல் அமைந்த டிரெம்-2 என்னும் புரதத்தில் பிறவிக் குறை உடையோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. காவல் மிஞ்சினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. எனவே, கடையில் வலி மாத்திரை வாங்கி நாமே மருத்துவம் செய்துகொள்வது பேதைமை. இந்நோயை முற்றிலும் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

ஆயினும் குடும்பத்தார் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முதலாவது, உடலில் எங்கேனும் கிருமி புகுந்தால் மூளையின் காவலரும் கிளர்ச்சியுறுகின்றனர். இத்தகைய நோய்த்தொற்றுகளுக்குப் பின் மறதி விரைந்து பெருகுவதை இங்கிலாந்தின் ஆய்வாளர்கள் 2009-இல் கண்டனர். நேற்றுவரை அமைதியாக இருந்த பாட்டி இன்று திடீரெனப் பிதற்றினால், அது பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ மார்ச்சளியோ இருக்கலாம். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, நடுவயதினர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மிகுகுடி, செவிப்புலக் குறை, தனிமை முதலிய 14 காரணங்களைக் களைந்தால், உலகில் இந்நோயாளருள் நூற்றுக்கு 45 பேருக்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் கணித்தது.

மூன்றாவது, காணாமற்போன சங்கிலியைப் பற்றி வாதிடாதீர்கள். "வாருங்கள் அம்மா, சேர்ந்து தேடுவோம்" என்று கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். மெய்ப்பிக்க முயன்றால் சண்டை வளரும். தேடினால் மனம் அமைதி பெறும். பழி கேட்ட மருமகளுக்குக் கணவனும் நாத்தனாரும் ஆறுதல் சொல்ல வேண்டும். வாரம் ஒரு நாளேனும் அவளுக்கு ஓய்வு தர வேண்டும். அண்டை மாநிலமாகிய கேரளத்தின் குன்னங்குளத்தில் 1992-இல் தொடங்கிய ஆல்சைமர் நோய்ச் சங்கம், நோயாளரோடு அவரைப் பேணுவோருக்கும் துணை நிற்பதைத் தன் பணியாகக் கொண்டது. அயல்வீட்டார் ஒரு மாலைப்பொழுது வந்து பாட்டியோடு அமர்ந்திருப்பதும் அதே பணிதான்.

நம்மைப் பெயர் சொல்லி அழைத்தவர் இன்று நம் பெயரை மறந்திருக்கலாம். அவர் யாரென்பதை நாம் மறவாதிருப்போம்.