காற்றைக் கேளாத திட்டம்
அல்பேனியாவின் தென்மேற்குக் கரையோரமாகப் பாய்மரப் படகில் உல்லாச யாத்திரை போக உத்தேசித்திருக்கும் நண்பர் ஒருவர் தமது பிரயாணத் திட்டத்தை என்னிடம் காட்டினார். போஜனம், ஸ்நானம், சயனம் ஆகிய சகல சௌகரியங்களுக்கும் அதில் இடமிருந்ததே தவிர, காற்றுக்கு மட்டும் இடமில்லை. கார்ஃபு தீவை விட்டுப் புறப்பட்டு, சராந்தாவில் பிரவேச அனுமதி பெற்று, வடக்கே ஓரிக்கும் துறைமுகம் வரையில் செல்கிறவருக்குக் கோடைகாலத்து வடமேற்குக் காற்று பிற்பகலில் எதிர்முகமாகவே வீசும் என்பதும், கடலோரத்திலேயே 2,000 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் மலைச் சரிவுகளிலிருந்து திடீரென்று சூறை இறங்கக்கூடும் என்பதும் ஹோட்டல் விளம்பரங்களில் காணப்படுவன அல்லவே! ஹோரேஸ் என்னும் ரோமானிய மகாகவியே இம்மலைப் பாறைகளின் அபகீர்த்தியைப் பாடியிருக்கிறார். ஆனால் என் சிந்தையைக் கவர்ந்தது, மலையடியில் ஒடுங்கிக் கிடக்கும் கிராமா என்னும் சிறு குடாதான். பூர்வ காலத்தில் கல் வெட்டியெடுத்த அதன் செங்குத்தான பாறைச் சுவர்களில், அங்கே ஒதுங்கிப் பிழைத்த மாலுமிகள் கிரேக்கத்திலும் லத்தீனிலும் தங்கள் நாமதேயங்களையும், கரையில் விட்டுவந்த பிரியமானவர்களின் பெயர்களையும், கடலோடிகளைக் காக்கும் இரட்டைத் தேவர்களுக்கு வந்தனத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1369-இல் அவ்வழியே சென்ற பைசாந்தியச் சக்கரவர்த்தி ஐந்தாம் ஜானின் வருகையைக் கூறும் சாசனமும் அங்கே உண்டு. சக்கரவர்த்தியும் சாமானியனும் ஒரே சுவரில் அண்டை அயலாராக இருப்பது வேறெங்கே வாய்க்கும்? இக்கரையில் யாத்திரை செய்ய விரும்பும் அன்பர்கள், விடியற்காலையில் பாய் விரித்து உச்சிவேளைக்குள் ஒதுங்கிவிடுவதும், திட்டத்தில் காற்றின் கணக்கில் இரண்டு நாட்களைத் தனியே எழுதி வைப்பதும் உத்தமம்.