பாடுபவருக்குக் குரல்வளை தெரிய வேண்டாமா?

சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பிள்ளைகள் இசையில் பட்டம் பெற நினைத்தால், பேருந்து ஏறிச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். அதற்கு முன் உள்ளூரில் பாடப் பழகும்போது அவர்கள் அடிக்கடி கேட்பது, "அடிவயிற்றிலிருந்து பாடு" என்பதைத்தான்.

அறிவுரை நல்லதே. ஆனால் விளக்கம் இல்லை. ஒலி வயிற்றில் பிறப்பதில்லை. உதரவிதானமும் விலா, வயிற்றுத் தசைகளும் மூச்சை அளந்து அனுப்புகின்றன. அந்தக் காற்று குரல்வளையில் உள்ள இரு குரல் நாண்களை அதிரச் செய்கிறது. ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஆதார ஸட்ஜத்தில் அவை நொடிக்குச் சுமார் 131 முறையும், ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்குச் சுமார் 196 முறையும் அதிர்கின்றன. தொண்டையும் வாயும் மூக்கும் ஒத்ததிர்வால் குரலுக்குத் தனித்தன்மை தருகின்றன.

இது தெரியாத பிள்ளை கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறது. நாளடைவில் நாண்களில் சிறு முடிச்சுகள் தோன்றி, குரலே கம்மிப் போகலாம்.

தமிழில் சொல் இல்லையா? தொல்காப்பியத்தின் பிறப்பியல் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை அன்றே வகுத்தது. அதிர்வெண், வீச்சு ஆகியவை பள்ளி அறிவியல் நூலிலேயே உள்ளன. ஆனால் அறிவியல் வகுப்பின் அதிர்வெண்ணும் பாட்டு வகுப்பின் சுருதியும் சந்திப்பதே இல்லை!

சந்திக்க வைக்க முடியும் என்பதற்கு விபுலாநந்த அடிகளே சான்று. அறிவியல் பட்டதாரியான அவர், 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்தார். 1947-இல் வெளியான அவரது 'யாழ் நூல்' இசையைக் கணக்கோடு விளக்கியது. மேலைநாட்டில் 1854-இல் சிறு கண்ணாடியின் உதவியால் தன் குரல் நாண்களைத் தானே பார்த்த மானுவல் கார்சியாவும் மருத்துவர் அல்லர், பாட்டு வாத்தியார்தான்.

"பழைய வித்வான்கள் இதையெல்லாம் படித்தா பாடினார்கள்?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் குருவின் அருகிலேயே பல ஆண்டுகள் இருந்தார்கள். தவறும்போதே திருத்த ஆள் இருந்தது. இன்று வாரம் ஒரு மணி நேர வகுப்பு, மீதி கைபேசி. அருகில் குரு இல்லாத நேரத்தில் அறிவுதான் துணை.

எனவே பாட்டுப் பாடநூலின் முதல் பக்கத்தில் குரல்வளையின் படமும் இருபது தமிழ்ச் சொற்களும் இடம்பெற வேண்டும். வீணை பழகுபவர் தந்தியையும் குடத்தையும் முதலில் தெரிந்துகொள்கிறார். அறுந்த தந்தியை மாற்றலாம். குரல் நாணை மாற்ற முடியுமா?