தாழ்மை யாருக்கு?

1986 தைப்பொங்கலன்று தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தில் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் காலையில் கொழுந்து பறிக்கப் போகாமல் கூடி வேண்டினர். நாடற்றிருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. அந்தப் போராட்டம் வேண்டுதலே அல்ல, வேடமிட்ட வேலைநிறுத்தம் என்பார்கள். இருக்கட்டுமே! எகிப்தில் இஸ்ரவேலரின் முறையீடும் அடிமை வேலையின் பாரத்தால் எழுந்ததுதான். தாழ்மையும் கீழ்ப்படிதலும் தோட்ட லயங்களில் வாழும் மக்களுக்கு மட்டுமே உரியவை என்று நினைப்போர், கடவுளின் உடன்படிக்கையைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். சாலொமோன் ஆலயத்தைக் கட்டி முடித்தபோது கடவுள் தாழ்மையையும் ஜெபத்தையும் முழுச் சமூகத்திடமும் கேட்டார், அரசனுக்கும் விலக்கில்லை. உபாகமம் 24ஆம் அதிகாரமோ, ஏழைக் கூலியாள் அந்நியனானாலும் பொழுது சாய்வதற்குள் அவன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது. அங்கே கீழ்ப்படிய வேண்டியவர் முதலாளி. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பிரசங்கிப்போர் அந்த அதிகாரத்தைத் தோட்ட நிர்வாகங்களுக்கும் வாசித்துக் காட்டட்டும்.